அம்பத்தூர் டு டோக்கியோ

ஒரு காலத்தில் எங்கள் ஏரியாவில் பையன் டிப்ளமா முடித்தால் எஸ்டேட்டில் வேலை, டிகிரி முடித்தால் பேங்க் பரீட்சை, இரண்டும் சரிப்பட்டு வரவில்லை என்றால் துபாய். நாலாவதாக ஒரு திசை இருப்பது யாருக்கும் தெரியாது. இப்போது டீக்கடையில் ஒருவர், "எங்க பையன் என்-ஃபோர் பாஸ் பண்ணிட்டான்" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, "என்-த்ரீ எப்போ?" என்று கேட்கிறார்.

ஏதோ இன்சூரன்ஸ் பாலிசி என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய மொழித் தேர்வு. என்-5-ல் ஆரம்பித்து என்-1 வரை ஐந்து படி. மற்ற பரீட்சைகளில் நம்பர் ஏற ஏறக் கஷ்டம். இதில் நம்பர் குறையக் குறைய முழி பிதுங்கும்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் ஒரகடம். எங்கள் அம்பத்தூர் ஒரகடம் அல்ல. ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரகடம். 2010-ல் ரெனோ - நிஸ்ஸான் கார் தொழிற்சாலை அங்கே ஆரம்பித்தது. பூந்தமல்லி மார்க்கமாகக் கம்பெனி பஸ்கள் ஓட ஓட, 'ஜப்பான்' என்ற வார்த்தை எங்கள் வீட்டு வரவேற்பறை வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் படிக்க ஜப்பான் போவது புது ஃபேஷன் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் 1930-களிலேயே ஜப்பான் போய்ப் புகைப்படக் கலை படித்தார். படித்ததோடு நிற்காமல் அந்த நாட்டைப் பற்றித் தமிழில் புத்தகமும் எழுதினார். அப்புறம் அமெரிக்காவிலும் படித்து, உலகமெல்லாம் அலைந்து காந்தியின் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-ல் முழுநீள டாகுமெண்டரியாக வெளியிட்டார். இன்டர்நெட், ஏஜென்ட் எதுவும் இல்லாத காலம். கப்பலும் கடிதமும்தான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் டோக்கியோவில் இரண்டு வருஷம் மொழிப் பள்ளியில் படித்துவிட்டு, இப்போது அங்கேயே தொழிற்கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். லீவில் வந்தவனை மொட்டை மாடியில் உட்கார வைத்து வாயைப் பிடுங்கினேன்.

"பாஷை எப்படிப்பா?"

"பேசறது ஈஸிண்ணா. கஞ்சிதான் உயிரை எடுக்குது."

கஞ்சி என்றால் நாம் குடிக்கிற கஞ்சி இல்லை. அவர்களுடைய சித்திர எழுத்து. அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசாங்கம் அறிவித்திருக்கும் பட்டியலிலேயே 2,136 எழுத்துக்கள். நம் 247-க்கே ட்யூஷன் வைக்கிற ஊர் இது!

பேச்சு சுலபம் என்று அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாம் 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம் அல்லவா? கண்ணால் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பானியரும் அப்படியே 'தாபெதே மீரு' என்கிறார்கள். 'தாபெதே' என்றால் சாப்பிட்டு, 'மீரு' என்றால் பார். நம் 'செய்து வை'க்கு அங்கே 'ஷிதே ஓகு'. நம் இது, உது, அது, எதுவுக்கு அங்கே கொரே, சொரே, அரே, தோரே. நாம் தொலைத்துவிட்ட 'உது'வை (யாழ்ப்பாணத்தார் இன்னும் வைத்திருக்கிறார்கள்) அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒனோ சுசுமு என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவே உண்டு என்று வருஷக்கணக்காக வாதாடினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டாமல் அப்படியே பேசலாம். இங்கிலீஷில் அந்த வசதி ஏது?

சாப்பாடுதான் சோதனை. "வெஜிடேரியன்னு சொன்னா தலையாட்டுவாங்கண்ணா. கறி இல்லாம கொண்டு வருவாங்க. சூப் மட்டும் மீன் சூப்!" என்றான். சூரை மீனைக் காயவைத்துச் சீவி, தண்ணீரில் போட்டு எடுக்கிற சாறுதான் அவர்கள் சமையலுக்கு அஸ்திவாரம். தூத்துக்குடிப் பக்கம் மாசி என்பார்களே, கிட்டத்தட்ட அதன் ஒன்றுவிட்ட சகோதரன். ரசத்தில் பெருங்காயத்தை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா? அந்த மாதிரிதான் அவர்களுக்கு அது.

ரயில் விஷயம் கேட்டால் எங்கள் ஆவடி லோக்கல் பிரயாணிகளுக்கு வயிறு எரியும். 2017-ல் டோக்கியோ அருகே ஒரு ரயில் குறித்த நேரத்தைவிட 20 வினாடி முன்னால் கிளம்பிவிட்டது என்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது. லேட்டுக்கு அல்ல, சீக்கிரம் போனதற்கு! கூட்டத்தை உள்ளே தள்ளுவதற்கென்றே பிளாட்பாரத்தில் கையுறை போட்ட ஆட்கள் உண்டு. நமக்கு அந்தச் செலவு இல்லை. காலை எட்டு மணிக்கு அம்பத்தூர் ஸ்டேஷனில் சும்மா நின்றால் போதும், பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

பையன் ஒருமுறை பர்ஸைத் தொலைத்துவிட்டான். ஊர்ப் பழக்கத்தில் அதற்குக் கருமாதியே செய்துவிட்டிருந்தான். மூன்றாம் நாள் போலீசிடமிருந்து போன். பணம் பைசா குறையவில்லை. 2018-ல் மட்டும் டோக்கியோ போலீசிடம் இப்படி வந்து சேர்ந்த பொருட்கள் 40 லட்சத்துக்கும் மேல். கண்டெடுத்தவர் 5-லிருந்து 20 சதவீதம் வரை சன்மானம் கேட்கச் சட்டமே இடம் தருகிறது. இவனுடைய பர்ஸை எடுத்துக் கொடுத்தவர் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டாராம்.

"அப்புறமென்ன, சொர்க்கம்தான்னு சொல்லு" என்றேன்.

பையன் சிரிக்கவில்லை. "வீடு தேடிப் பாருங்கண்ணா, அப்பத் தெரியும்."

ஏழு வீடு பார்த்தானாம். வீட்டுத் தரகர் இவனை எதிரிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். மிகப் பணிவாகப் பேசுவார். வைத்துவிட்டு இன்னும் பணிவாகக் கும்பிட்டு, "ஃபாரினர் என்றால் கொஞ்சம் சிரமம்" என்பார். கத்தல் கிடையாது, திட்டு கிடையாது. வீடும் கிடையாது. இது இவன் ஒருவனுடைய ராசி அல்ல. அந்நாட்டு நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட சர்வேயில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் 90 லட்சம். ஜனத்தொகை குறைகிறது, குழந்தை பிறப்பது குறைகிறது, ஆள் வேண்டும் என்று அரசாங்கம் கூப்பிடுகிறது. 2033-க்குள் நாலு லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் வர வேண்டும் என்பது இலக்கு. அரசாங்கம் வாசல் கதவைத் திறக்கிறது. வீட்டுக்காரர் அறைக் கதவைச் சாத்துகிறார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பி.காம். படித்தவன் கணக்குப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. "அங்கே போனால் பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸைக் கட்டிவிடலாம், வீட்டுக்கும் அனுப்பலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகளை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கிற தகப்பன்மார்கள் தயவுசெய்து பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர் தனியாக அனுமதி வாங்கித்தான் வேலை பார்க்கலாம். அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். நீண்ட விடுமுறையில் மட்டும் தினம் எட்டு மணி வரை. 2024 அக்டோபரில் டோக்கியோவுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். அப்புறம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதன்படி நாலு வாரத்துக்கு 1,30,000 யென் சொச்சம். பையன் சொன்ன செலவு: சின்ன அறைக்கு வாடகை 50,000, சாப்பாடு 30,000, கரண்ட், போன், ரயில், மருத்துவ இன்சூரன்ஸ் 15,000. மிச்சம் 35,000. மொழிப் பள்ளி ஃபீஸ் வருஷத்துக்கு எட்டு லட்சம் யென் என்றால் மாதம் 66,000-க்கு மேல். துண்டு 31,000 விழுகிறது. வீட்டுக்கு அனுப்புவது அப்புறம், வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டும். இதுவும் போன அன்றே வேலை கிடைத்தால்! பாஷை வராமல் யார் வேலை தருவார்கள்? துண்டை நிரப்ப 28 மணியைத் தாண்டி உழைத்துப் பிடிபட்டால் விசா நீடிப்புக்கே ஆபத்து. கடன் மட்டும் அம்பத்தூரில் வளர்ந்துகொண்டிருக்கும்.

நேர் வழியும் இருக்கிறது. ஜப்பான் அரசின் ஸ்காலர்ஷிப் 1954 முதல் நடக்கிறது. ஃபீஸும் கிடையாது, மாதப்படியும் உண்டு. போட்டி கடுமைதான். ஆனால் சென்னையில் இருக்கிற ஜப்பான் கான்சலேட்டில் விவரம் கேட்கக் காசு கேட்க மாட்டார்கள். குறைந்தபட்சம் இங்கேயே என்-4 வரை படித்துவிட்டுப் போனால், இறங்கியதும் ஊமையாக நிற்க வேண்டியதில்லை.

அன்று ராத்திரி பையனின் அப்பா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். ஏழு வீட்டுக் கதையைக் கேட்டு அவருக்கு ரத்தம் கொதித்தது. "என்ன சார் அநியாயம்! காசைக் குடுத்துட்டு இருக்கப் போறான். எந்த ஊர்க்காரனா இருந்தா இவங்களுக்கு என்ன?" என்று சாம்பார்க் கரண்டியோடு எழுந்துவிட்டார்.

அவர் வீட்டு மாடி போர்ஷன் ஆறு மாசமாகக் காலி. கேட்டில் 'டு லெட்' போர்டு. கீழே பொடி எழுத்தில்: 'ஃபேமிலி மட்டும். வடமாநிலத்தவர் அணுக வேண்டாம்.'

பையன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "அப்பா, டோக்கியோவுல நான்தான் வடமாநிலத்தவன்."

மோர் வரும்வரை யாரும் பேசவில்லை.

போன வாரம் அந்த மாடிக்கு எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஒடிசா பையன்கள் இரண்டு பேர் குடிவந்துவிட்டார்கள். சும்மா விடுவாரா? பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, மோட்டாரைத் தொடக்கூடாது, செருப்பை இந்த இடத்தில்தான் விட வேண்டும் என்று கண்டிஷன்களை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வாட்ஸப்பில் அதைப் பார்த்த பையன் டோக்கியோவிலிருந்து எனக்குத் தகவல் அனுப்பினான்.

"எங்க ஹவுஸ் ஓனர் போட்ட கண்டிஷன் ஒன்பதுண்ணா. அப்பா போட்டது பதினொண்ணு!"