அம்மாயியின் பாட்டு யாருக்குச் சொந்தம்?



மலையில் கொழுந்து பறிக்கையில் பாடாத பெண் எம்மில் யார்? பிள்ளையை ஏணையில் போட்டுத் தாலாட்டியிருக்கிறோம். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்திருக்கிறோம். ஆனால், "நீ ஒரு பாடகி" என்று எம்மை யாரும் சொன்னதில்லை. நாமும் அப்படி நினைத்ததில்லை. சென்னையில் தொடங்கி எமது லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்த ஒரு பாட்டுக் குழுவின் கதையை இம்மாதம் சொல்கிறேன்.

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு சென்னையில் முதன்முதலாக மேடை ஏறியது. 'சாதியற்ற குழு' என்பது இதன் பொருள். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. சினிமா இயக்குனர் பா. ரஞ்சித் இதற்கு முன்நின்றார். இசையை அமைத்தவர் டென்மா. வடசென்னை உழைப்பாளிகள் சாவு வீடுகளில் பாடும் கானாவை எடுத்து, பறையோடு கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்த்தார்கள். சினிமாக் கம்பெனியின் தயவு இன்றித் தங்கள் பாட்டைத் தாங்களே பாடினார்கள்.

பத்தொன்பது பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரேயொரு பெண் இசைவாணி. கானா ஆண்கள் பாடும் பாட்டு என்றிருந்த வழக்கத்தை அவர் உடைத்தார். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவரது பெயரும் இடம்பெற்றது.

அதே குழுவில் பாடிய இளைஞர் அறிவு. இவருடைய பாட்டி வள்ளியம்மாள், இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். சகோதரிகளே, அந்தப் பயணத்தை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எந்தப் பெண்ணிடமும் சம்மதம் கேட்கவில்லை. அக்கா கப்பலேறினாள், தங்கை லயத்திலேயே நின்றாள். நின்றவர்களிலும் 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கும் யுத்தத்தில் அகப்பட்டவர்கள் எத்தனை பேர்!

பாட்டி சொன்ன கதைகளிலிருந்து பிறந்ததே 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு. 2021 மார்ச்சில் வெளிவந்தது. அறிவு எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையைத் தயாரித்தார். ஒப்பாரியும் துள்ளலும் கலந்த அந்தப் பாட்டை உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலமில்லை என்ற எமது பழைய துயரம்தான் அதன் உள்ளே இருக்கிறது.

வெற்றிக்குப் பின்னால் தகராறும் வந்தது. அதே ஆண்டில் ஒரு சஞ்சிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லாமற் போனது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு மேடையேறியது. பாட்டை உருவாக்கியது தானே என்று அறிவு எழுதினார். அது கூட்டு முயற்சி என்று மற்ற இருவரும் பதில் சொன்னார்கள். அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் வருமானமே கிடைக்கவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. படித்தவர்களுக்கும் புகழ் பெற்றவர்களுக்கும் இந்தக் கதி என்றால், எமது அம்மாயியின் பாட்டுக்கு என்ன கதி வரும் என்பதே என் கவலை.

எமக்கும் முன்னோடிகள் உண்டு. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அவரது பாட்டு நூலும் வெளிவந்தது. பெயரோடு அச்சானபடியால் இன்றும் அவரை நினைக்கிறோம். மடக்கொம்பரையில் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஆனால் அந்தப் பாடல்களை முதலில் கட்டிய பெண்களின் பெயர்கள் எங்கே?

நீங்கள் சொந்தமாகக் கட்டிய பாட்டு உங்கள் சொத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோருக்குத் தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையை அளிக்கிறது. ஆகவே வீட்டுப் பெரியவர்கள் பாடுவதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், திகதி நான்கையும் கொப்பியில் எழுதுங்கள். வெளியார் யாராவது பதிய வந்தால், எதற்காக, யார் பெயரில் வரும், பணம் வந்தால் எமக்கு என்ன பங்கு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இழந்தவர்களை நினைத்து நீங்கள் அழுத ஒப்பாரியும் அந்தக் கொப்பியில் ஏற வேண்டியதே. விரும்பினால் மட்டும், மனம் ஆறியபின் எழுதுங்கள். பறித்த கொழுந்துக்கு நிறை போட்டுப் பெயர் பதிகிறார்கள். பாடிய பாட்டுக்கு நாமே பதிவோம்.