வெளியேற வேண்டியது குழந்தையா?

சீத்தா கேம்ப்பில் கள ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில், நான் வழக்கமாகச் சென்று அமரும் வீடொன்று ஒருநாள் பூட்டிக் கிடந்தது. அவ்வீட்டுக் குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகப் புகாருக்கு உள்ளானவர் அதே சந்தில் நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவர். வழக்குப் பதிவாகிச் சிறைக்குச் சென்றவர், ஜாமீனில் வந்து தம் வீட்டுக்கே திரும்பினார். தண்ணீருக்கும் பொதுக் கழிப்பறைக்கும் பள்ளிக்கும் அவர் வாசலைக் கடந்தே அக்குழந்தை போக வேண்டியிருந்தது. சில வாரங்களில் அக்குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறிடம் போய்விட்டது. குழந்தையின் பள்ளி மாறிற்று. தாய் செய்துவந்த வேலையும் போயிற்று. அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். (அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

இதை இப்போது எழுதக் காரணம், ஆய்வுலக நண்பர்கள் சிலர் எனக்கு அனுப்பிய ஒரு மனு. பாலியல் குற்றவாளிகளின் பெயர், படம், முகவரி ஆகியவற்றை அரசு பொதுவெளியில் வெளியிட வேண்டும். அண்டையில் இருப்பவர் யாரென்று தெரிந்தால்தான் பெற்றோர் தம் குழந்தைகளைக் காத்துக்கொள்ள முடியும் என்பது அதன் சாரம். நான் அதில் கையெழுத்திடவில்லை. ஏன் என்பதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

மேற்சொன்ன சந்தில் அந்த மனிதரைப் பற்றி அறியாதவர் ஒருவரும் இல்லை. பட்டியல் தரக்கூடிய செய்தி அனைத்தும் அங்கே முன்பே இருந்தது. அந்தச் செய்தி குழந்தையைக் காக்கவில்லை. இது விதிவிலக்கன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள்: குழந்தைகள் மீதான கடும் பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர். 2007ஆம் ஆண்டு மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒருவகைப் பாலியல் அத்துமீறலைத் தாம் சந்தித்ததாகக் கூறினர். ஆண் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர். இவர்களுக்குத் தீங்கிழைத்தோரில் மிகப் பெரும்பாலோர் மீது வழக்கே இல்லை. வழக்கு இல்லாதவர் எந்தப் பட்டியலில் வருவார்?

இரண்டாவது, நெருக்கமான குடியிருப்பில் குற்றவாளியின் முகவரியை வெளியிடுவது குழந்தையின் முகவரியை வெளியிடுவதேயாகும். குற்றவாளி சித்தப்பாவாகவோ எதிர்வீட்டுக்காரராகவோ இருக்கும்போது, அவர் பெயரைப் படித்த மறுகணம் குழந்தை யாரென்பதைச் சந்து கணக்கிட்டுவிடும். குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாதென்று போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. அத்தடையை நாமே பின்வாசல் வழியாக உடைக்கலாமா? அதைவிட, தகப்பன் பெயர் ஊரறியப் பட்டியலில் ஏறும் என்று தெரிந்த தாய் புகார் கொடுக்க இன்னும் அஞ்சுவாள் என்பதையும் எண்ண வேண்டும்.

மூன்றாவது, இவ்வழியில் முன்பே நடந்து பார்த்த நாடுகள் உள்ளன. 1994இல் நியூ ஜெர்சியில் முன்பே தண்டனை பெற்ற அண்டைவீட்டுக்காரரால் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பொது அறிவிப்பை வலியுறுத்தும் சட்டம் அங்கே வந்தது. 1996இல் அமெரிக்கா முழுமைக்கும் விரிந்தது. அதே நியூ ஜெர்சியில் செய்யப்பட்டு 2008இல் வெளிவந்த ஆய்வு, அச்சட்டத்தால் மீண்டும் குற்றம் செய்வோர் தொகை குறைந்ததாகக் காட்ட இயலவில்லை. பின்வந்த ஆய்வுகள் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டின: காவல்துறை கையில் இருக்கும் பதிவேடு ஓரளவு பயன்தருகிறது, ஊருக்கு அறிவிப்பதோ குற்றவாளியை வேலையும் வீடும் உறவும் அற்றவராக்கி, இழக்க ஒன்றுமில்லாதவராக்கக்கூடும். இந்தியாவிலும் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. தொடக்கத்திலேயே அதில் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. அது காவல்துறையின் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. அது அப்படியே இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் அதைக் காவல்துறை எதற்குப் பயன்படுத்துகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டும்.

நான்காவது, பட்டியல் கும்பலின் கையில் சேரும். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு செய்தித்தாள் குற்றவாளிகளின் படங்களை வெளியிடத் தொடங்கியபோது, போர்ட்ஸ்மத் நகரின் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் கலகம் மூண்டது. குற்றத்தோடு தொடர்பே இல்லாத குடும்பங்களும் வீட்டைவிட்டு ஓடின. நம் அருகிலேயே பாருங்கள். 2024 ஆகஸ்டில் பத்லாபூர்ப் பள்ளி ஒன்றில் மழலையர் வகுப்புச் சிறுமியர் இருவருக்கு நேர்ந்த கொடுமையில், புகாரைப் பதிவு செய்யப் பெற்றோர் காவல் நிலையத்தில் பல மணிநேரம் காத்திருந்தனர். மக்கள் கொதித்தெழுந்து ரயிலை மறித்த பின்னரே அரசு அசைந்தது. அடுத்த மாதம் குற்றஞ்சாட்டப்பட்டவர் காவல் வாகனத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சாவுக்குக் காவலர் ஐவரைப் பொறுப்பாக்கியது நீதித்துறை நடுவரின் விசாரணை அறிக்கை. அக்குழந்தைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய விசாரணையும் தீர்ப்பும் அந்தத் துப்பாக்கிச் சூட்டோடு முடிந்துபோயின.

சென்னை முகலிவாக்கத்தையும் மறவாதீர்கள். 2017இல் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்த சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், அதே குடியிருப்பைச் சேர்ந்த இளைஞருக்கு 2018இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்றும், தம் தரப்பை எடுத்துரைக்க உரிய வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை என்றும் கூறியது. விசாரணையைச் செம்மையாக நடத்தாத அரசு, அந்தக் குழந்தையின் பெற்றோரை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெறுங்கையோடு நிறுத்தியிருக்கிறது. நாம் கேட்க வேண்டியது இந்த விசாரணையின் தரத்தை.

பட்டியல் கேட்போரை மறுப்பதால் எதிரணியில் இருப்போருக்கு நான் துணை நிற்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். அவ்வணியின் ஆயுதம் சமரசம். பெண் குழந்தையின் எதிர்காலம், குடும்ப மானம், சமுதாய ஒற்றுமை என்று பேசிப் பெரியவர்கள் கூடி ஒரு தொகையையும் ஒரு மன்னிப்பையும் பெற்றுத்தந்து கதவைச் சாத்திவிடுகின்றனர். இது எந்த ஒரு சாதிக்கோ சமயத்துக்கோ மட்டும் உரியதன்று. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், ராஜஸ்தான் வழக்கொன்றில், குழந்தை மீதான பாலியல் குற்றத்தை இருதரப்பும் சமரசமாகிவிட்டனர் என்று காட்டி ரத்து செய்ய முடியாதெனத் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அரசும் இக்குற்றத்திலிருந்து விலகி நின்றதில்லை. 2022 ஜூன் மாதம் மும்பைக் காவல் ஆணையர், துணை ஆணையரின் அனுமதியின்றிப் போக்சோ வழக்குகளைப் பதிவு செய்யலாகாதென்று ஆணையிட்டார். பொய்ப் புகார்களைத் தடுக்கவாம்! கடும் எதிர்ப்புக்குப் பின் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. இன்னும் எத்தனை காவல் நிலையங்களின் மனத்தில் அது நடைமுறையில் இருக்கிறதோ!

சரி, குற்றஞ்சாட்டப்பட்டவர் அடுத்த வீட்டில் இருக்கும்போது குழந்தையைக் காப்பது எப்படி? சட்டம் ஏற்கெனவே தந்திருப்பவற்றை முதலில் கேட்டு வாங்குவோம். கைது, ஜாமீன், விடுதலை ஆகியவற்றைக் குழந்தையின் குடும்பத்துக்குக் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். 16 வயதுக்குட்பட்ட சிறுமியர் மீதான வன்புணர்வு வழக்குகளில், ஜாமீன் விசாரணையின்போது புகார்தாரரோ அவர் சார்பில் ஒருவரோ இருக்க வேண்டும் என்று 2018இன் சட்டத்திருத்தம் வகுத்தது. அந்த விசாரணையில் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றே: இவர் எங்கே தங்கப்போகிறார்? வழக்கு முடியும்வரை குழந்தை வாழும் பகுதிக்குள் நுழையலாகாது என்று நிபந்தனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது தண்டனையன்று, குற்றமற்றவர் என்ற அனுமானம் அதனால் கெடுவதில்லை. இருவரில் ஒருவர் இடம்பெயர்ந்தே ஆக வேண்டுமெனில் அது வயது வந்தவராக இருக்கட்டும் என்பதே அதன் பொருள். இதைக் கேட்க ஏழைக் குடும்பத்துக்குத் துணை வேண்டும். அத்துணைக்குச் சட்டம் ‘ஆதரவு நபர்’ என்று பெயரிட்டிருக்கிறது. அவரை நியமிப்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாதென 2023இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. தண்டனை முடித்துத் திரும்புவோரைக் கண்காணிப்பதும் மனநல உதவி அளிப்பதும் அரசின் வேலை. சந்தில் குடியிருக்கும் பெண்களின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

இனி நம்மைப் பற்றி. எம் கிழக்கு வார்டைப் போல் ஆய்வு செய்யப்பட்ட வறுமை மும்பையில் வேறில்லை. டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதே வார்டில், தேவனாரில் இருக்கிறது. இன்று நாடெங்கும் குழந்தைகள் அழைக்கும் 1098 உதவி எண் 1996இல் அந்நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகவே மும்பையில் பிறந்தது. அறிவுலகம் நினைத்தால் ஆகும் என்பதற்கு அதுவே சான்று. நாமோ, ‘ரகசியம் காக்கப்படும்’ என்று ஒப்புதல் படிவத்தில் எழுதி, குழந்தைகள் சொன்னவற்றைக் குறிப்பேட்டில் ஏற்றி, அத்தியாயமாக்கிவிட்டுப் போகிறோம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆய்வாளருக்கு அதில் விலக்கு இல்லை. நம் படிவங்களில் எத்தனையில் இவ்வரி இருக்கிறது? புகாருக்குப் பின் அக்குழந்தையோடு நீதிமன்றம் வரை நடக்கத் துறைகள் எத்தனை ஏற்பாடு செய்திருக்கின்றன? மனுவில் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். ஆதரவு நபராக ஒரு குழந்தையோடு நிற்க ஆண்டுகள் ஆகும்.

வெளியேற்றம் என்றால் என்ன என்பதைச் சீத்தா கேம்ப்புக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து போட்ட இடம் இது. அதை எதிர்த்து முன்னின்று போராடிய கோலார் தங்கவயல் தமிழர் ஜோக்கின் அற்புதம், பின்னாளில் குடிசைவாழ் மக்களின் தேசியத் தலைவரானார். தன் வீட்டிலிருந்து துரத்தப்படுவதன் வலியை அறிந்த ஊர், தன் குழந்தையொன்று துரத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

மனுவை அனுப்பிய நண்பர்களுக்கு: கோரிக்கையை மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு போக்சோ வழக்கிலும் முதல் நாளிலேயே ஆதரவு நபர். ஜாமீன் வழங்கும் ஒவ்வோர் ஆணையிலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தங்குமிடம் பற்றிய நிபந்தனை. அதை மீறினால் ஜாமீன் ரத்து. அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.