நம்ம ஊரு வெயில் நம்ம ஊருக்கே! குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்!



மானாவாரிக் காட்டை இதுவரை திரும்பிப் பார்க்காதவனெல்லாம் இப்போது கார் போட்டுக்கொண்டு வருகிறான். எதற்கு? நம்ம சோளத்துக்கா, எள்ளுக்கா? இல்லை. நம்ம தலைமேல் அடிக்கிற வெயிலுக்கு!

எங்க ஊருக்கும் ஒரு புரோக்கர் வந்தார். "தரிசாத்தானே கெடக்குது, சோலார் போடுறோம், இருபத்தெட்டு வருஷக் குத்தகை, ஊட்ல உக்காந்து பணம் எண்ணுங்க" என்றார். பத்திரம் இங்கிலீசில். பக்கத்துக் காட்டுக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு வரப்பு இல்லை. ஆடு மாடு மேய்ந்த கொறங்காடு இல்லை. இட்டேரியில் கம்பி வேலி. அங்கே விளைகிற கரண்ட் எங்கேயோ போகிறது. எங்க ஊர்க் கடைசித் தெருவில் விளக்கு எரியவில்லை! இதற்குப் பேர் வளர்ச்சியாம்!

சங்கம் சூரிய மின்சாரத்துக்கு எதிரி அல்ல. அது யாருக்குச் சொந்தம் என்பதே எங்கள் கேள்வி. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரை எடுத்தது. நம்ம ஊருக்கு எவ்வளவு வேணும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? நாமே போடுவோம்.

நூறு தெருவிளக்கு உள்ள ஊர் என்று வையுங்கள். 40 வாட் டியூப்லைட் 11 மணி நேரம் எரிந்தால் ஒரு ராத்திரிக்கு 44 யூனிட். 20 வாட் எல்.இ.டி. மாட்டினால் 22 யூனிட். பாதி மிச்சம். குடிதண்ணீர்த் தொட்டிக்கு 7.5 எச்.பி. மோட்டார் ரெண்டு, ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் 67 யூனிட். ஆக நாளுக்குத் தொண்ணூறு யூனிட். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரி 4 யூனிட் தரும். மழை மூட்டம், தூசி எல்லாம் சேர்த்து 25 கிலோவாட் போதும். அதற்கு 2,500 சதுர அடி. அதாவது ஆறு சென்ட்! பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டைமாடி போதும், ஒரு வரப்பையும் அழிக்க வேண்டாம். மோட்டாரைப் பகலில் ஓட்டித் தொட்டியை நிரப்பினால் அதற்குப் பேட்டரியும் வேண்டாம். தொட்டிதான் பேட்டரி!

இதெல்லாம் நடக்குமா என்கிறீர்களா? நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறைப் பஞ்சாயத்தைப் பாருங்கள். சண்முகம் தலைவராக இருந்த காலம். எடுத்த எடுப்பில் கோடியில் இறங்கவில்லை. 2003இல் மரக்கழிவை எரிவாயுவாக்கித் தண்ணீர் இறைக்க 9 கிலோவாட் எந்திரம் வைத்தார்கள். கரண்ட் செலவு குறைந்தது. அதன் பிறகுதான் 2006இல் 350 கிலோவாட் காற்றாலை. விலை ஒரு கோடியே 55 லட்சம். பஞ்சாயத்துச் சேமிப்பு 40 லட்சம், மிச்சம் பேங்க் கடன். அவங்க ஊரில் போதிய காற்று இல்லை. அதனால் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் வாங்கினார்கள். வருஷத்துக்கு சுமார் ஆறே முக்கால் லட்சம் யூனிட் கிடைத்தது. ஊர்த் தேவை நாலரை லட்சம். மிச்சத்தை ஈ.பி.க்கு விற்றார்கள். ஊரே முதலாளி!

அரசாங்கத்தின் குசும் திட்டத்திலும் (2019) விவசாயிகளும் கூட்டுறவுகளும் பஞ்சாயத்துகளும் தரிசில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் வைத்து மின்சாரம் விற்கலாம் என்று எழுதியிருக்கிறது. நாமே முதலாளி ஆகலாம் என்று திட்டத்திலேயே இருக்கும்போது, எவனுக்கோ குத்தகைக்காரனாக ஏன் இருக்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. சோலார் மோட்டார் கொடுத்துவிட்டு, "இனி இலவச மின்சாரம் எதற்கு?" என்று நாளை கேட்பார்கள். அது யாரும் போட்ட பிச்சை அல்ல. 1970இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் குண்டடி பட்டுச் செத்தார்கள். 1972இல் கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்தோம். அந்த உரிமையை ஒரு பேனலுக்கு விற்க மாட்டோம்!

நம்ம தப்பையும் சொல்லணும். வெயிலுக்குப் பில் வராது என்று நாள் முழுக்க மோட்டாரை ஓட விட்டால் போர் வற்றும். கரண்டு நம்முடையது, தண்ணீர் நம்ம பேரனுடையது. சொட்டு நீரோடு சேர்த்துத்தான் சோலார்.

நமது கோரிக்கைகள்:

1. கிராமசபைத் தீர்மானம் இல்லாமல் எந்தக் கம்பெனிக்கும் நிலக் குத்தகை கூடாது. பத்திரம் தமிழில் இருக்க வேண்டும்.
2. மேய்ச்சல் நிலம், இட்டேரி, நீர்வழியில் பேனல் கூடாது.
3. பஞ்சாயத்து உற்பத்தி செய்யும் மின்சாரத்தை யூனிட்டுக்கு யூனிட் கழித்துக் கணக்கிடு!
4. முதல் விளக்கு காலனித் தெருவிலும் கடைசித் தெருவிலும் எரியட்டும்.
5. எந்திரத்தைப் பராமரிக்க ஊர்ப் பையன்கள், பெண்களுக்கே பயிற்சியும் வேலையும் கொடு!

வருகிற கிராமசபைக்குச் சும்மா போகாதீர்கள். பஞ்சாயத்தின் ஒரு வருஷ கரண்ட் பில்லைக் கேட்டு வாங்குங்கள். விளக்குகளை எண்ணுங்கள். மோட்டார் எச்.பி.யைக் குறியுங்கள். அந்தக் காகிதத்தோடு எழுந்து நின்று தீர்மானம் கேளுங்கள். கணக்கு கையில் இருக்கிறவனை யாரும் உட்கார வைக்க முடியாது!

காடு நமது! வெயில் நமது! கரண்டும் நமதே!

வாரீர்! திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்