தூணைப் பற்றிக் கேட்பவர் யார்?

பெருநகரங்களில் அடுக்குமாடி வீடு வாங்கச் செல்லும் குடும்பத்தினர் பல வினாக்களைக் கேட்கின்றனர். குடிநீர் நாள்தோறும் எத்தனை மணி நேரம் வரும்? மெட்ரோ நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது? வாசல் எந்தத் திசையை நோக்கியுள்ளது? சமையல் மேடைக்கு என்ன கல் பதித்துள்ளனர்? இவை யாவும் கேட்கத்தக்க வினாக்களே. ஆனால் தலைக்கு மேல் எட்டுத் தளங்களைத் தாங்கி நிற்கும் தூணைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் கேட்பதில்லை. அத்தூண் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பதே முதலில் கேட்க வேண்டிய வினா. அது கடைசி வினாவாகக்கூட இடம்பெறாமல் போவது வருந்தத்தக்கது.

கேளாமல் விட்டதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதைக் குஜராத் மாநிலம் 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலையில் கண்டது. கட்ச் மாவட்டத்தில் பூஜ் நகருக்கு அருகே தோன்றிய நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நடுக்கம் தோன்றிய இடத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது அகமதாபாத். அங்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தன. பல நூறு பேர் மாண்டனர். அதே மண்ணில் நின்ற வேறு பல கட்டடங்கள் விரிசல்களோடு தப்பின. நிலம் எல்லாக் கட்டடங்களையும்தான் குலுக்கியது. அப்படியிருக்க, சில மட்டும் வீழ்ந்தமைக்கு அவை கட்டப்பட்ட முறையிலேயே காரணம் தேட வேண்டும்.

வீழ்ந்தவற்றுள் பலவற்றிற்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. அவற்றின் தரைத்தளத்தில் சுவர்களே இல்லை. வண்டிகளை நிறுத்துவதற்காக அதனைத் திறந்த வெளியாக விட்டு, தூண்களை மட்டும் நிறுத்தியிருந்தனர். மேல் தளங்களிலோ அறைதோறும் செங்கற்சுவர்கள் இருந்தன. அச்சுவர்கள் மேற்பகுதி முழுவதையும் ஒரு கெட்டியான பெட்டிபோல் இறுக்கிப் பிணைத்துவிடுகின்றன. தினைப்புனம் காப்போர் நான்கு கால்களை நட்டு, அதன்மேல் பரண் கட்டி அமர்வர். அப்பரணின் மீது ஒரு கல்மண்டபத்தைத் தூக்கி வைத்தால் எப்படியிருக்கும்? நிலம் பக்கவாட்டில் அசையும்போது மேலேயுள்ள பெட்டி வளையாது; கால்களே வளைய வேண்டும். எட்டுத் தளங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டிய அசைவு முழுவதும் தரைத்தளத் தூண்களின் மேல் விழுகிறது. அவை சில நொடிகளில் ஒடிகின்றன.

2002இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர விதி, இத்தகைய திறந்த தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் வழக்கமான கணக்கைவிட இரண்டரை மடங்கு விசைக்கு ஏற்ப வடிவமைக்குமாறு கூறியது. வண்டி நிறுத்த இடமே வேண்டாம் என்று அவ்விதி சொல்லவில்லை. அதற்குரிய வலிமையோடு கட்டுக என்றே சொன்னது.

தூணின் உள்ளேயும் ஒரு செய்தி உள்ளது. தூணில் நெடுக நிற்கும் கம்பிகளைச் சுற்றிச் சிறு சிறு இடைவெளியில் வளையங்கள் கட்டப்படும். கட்டட வேலை செய்வோர் அவற்றை ‘ரிங்’ என்றே அழைப்பர். பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டைபோல அவை கான்கிரீட்டைச் சிதறாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. வளையத்தின் இரு முனைகளையும் 90 பாகையில் மட்டும் மடக்கி விட்டால், பெருங்குலுக்கலில் வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் வாய்பிளந்து திறந்துகொள்ளும். முனைகளை 135 பாகைக்கு மடக்கித் தூணின் உட்புறம் செருகிவிட்டால் அது எளிதில் திறவாது. 1993இலேயே இதற்கெனத் தனியாக ஒரு தர விதி வெளிவந்துவிட்டது. ஒரு வளையத்துக்குக் கூடுதலாக வேண்டுவது சில விரற்கடை கம்பியும், கை ஒருமுறை கூடுதலாக வளைக்கும் உழைப்புமே. இத்தனை சிறிய வேலை, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பல இடங்களில் செய்யப்படாமல் போவது வியப்புக்குரியது; வெட்கத்துக்கும் உரியது.

இவ்வறிவு நேற்றுப் பிறந்ததும் அன்று. நாட்டுப் பிரிவினைக்கு முன், பலுச்சிஸ்தான் பகுதியில் 1931இல் ஒரு நிலநடுக்கம் நேர்ந்தது. அதன்பின் எஸ். எல். குமார் என்னும் இளம் ரயில்வே பொறியாளர், குவெட்டா நகரில் நடுக்கத்தைத் தாங்கும் ஊழியர் குடியிருப்புகளை வடிவமைத்தார். பழைய தண்டவாள இரும்பைச் சட்டமாக நிறுத்தி, அதனோடு செங்கற்சுவர்களைப் பிணைத்தார். 1935 மே 31ஆம் நாள் குவெட்டா நகரமே தரைமட்டமானபோது அக்குடியிருப்புகள் நிலைத்து நின்றன. பின்னர் 1960இல் ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கப் பொறியியலுக்கெனத் தனிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. சி. வி. ஆர். மூர்த்தி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தபோது, படங்களோடு கூடிய எளிய குறிப்புகளை எழுதினார். அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை. அது எவர் கைக்குச் சென்று சேர்ந்தது என்பதே வினா. நூலைப் படிப்பவர் பொறியாளர். கம்பியை வளைப்பவர் வேறொருவர். அவர் பிகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்தவராக இருக்கலாம். வேலையிடத்தில் அவருடைய தாய்மொழியில் ஒரு படம்கூட ஒட்டப்படுவதில்லை. 135 பாகை ஏன் என்று எவரும் அவருக்குச் சொல்லாதவரை, விரைவாக முடியும் முறையையே அவர் கை நாடும். அதற்காக அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. பூஜ் நிகழ்வுக்குப் பின் குஜராத்தில் ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அப்பயிற்சி, பேரழிவு நேராத மாநிலங்களிலும் முன்கூட்டியே நடைபெற வேண்டும்.

‘எங்கள் ஊரில் நிலம் நடுங்குவதில்லையே’ என்பார் சிலர். மகாராட்டிரத்தின் கில்லாரிப் பகுதி மக்களும் அவ்வாறே நம்பியிருந்தனர். அன்றைய வரைபடத்தில் அப்பகுதி மிகக் குறைந்த இடர் உள்ள மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன் அங்கு நிலம் நடுங்கியபோது ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவ்வூர் வீடுகளின் கற்சுவர்கள் மிகத் தடித்தவை. ஆயினும் உட்புறக் கல்வரிசையையும் வெளிப்புறக் கல்வரிசையையும் இணைக்கும் குறுக்குக் கற்கள் அவற்றில் இல்லை. வெறும் மண்சாந்து பிடித்து நிறுத்திய அவ்விரு வரிசைகளும் பிரிந்து சரிந்தன. கனத்த மண்கூரை உறங்கியோர் மேல் இறங்கியது. தடித்த சுவர் காக்கும் என்னும் நம்பிக்கையும் அதனோடு வீழ்ந்தது. 2002இல் வரைபடம் திருத்தப்பட்டபோது சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. தில்லி நான்காம் மண்டலத்திலும், குவாகாத்தி மிகுந்த இடருள்ள ஐந்தாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன.

‘செலவு கூடும்’ என்பது மற்றொரு மறுப்பு. செலவு சிறிது கூடும் என்பது உண்மையே. ஆனால் பளிங்குத் தரைக்கும் அலங்கார விளக்குக்கும் தயங்காமல் செலவிடும் கைகள் தூணுக்கு வரும்போது மட்டும் சுருங்குவது ஏன் என்பதற்கு விடை வேண்டும்.

‘அவரவர் வீடு அவரவர் பொறுப்பு’ என்று ஒதுங்குவோரும் உளர். அதே 2001 ஜனவரி 26ஆம் நாள், பூஜ் நகருக்கு அருகிலுள்ள அஞ்சார் என்னும் ஊரில், பள்ளிப் பிள்ளைகள் குடியரசு நாள் ஊர்வலமாகக் குறுகிய தெரு ஒன்றின் வழியே சென்றுகொண்டிருந்தனர். இருபுறத்துக் கட்டடங்களும் அவர்கள்மேல் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் உயிர்நீத்தனர். அவர்களுக்கு 2022இல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. அக்கட்டடங்கள் எவருக்கு உரியனவோ, அப்பிள்ளைகள் வழிப்போக்கர்களாகவே அவற்றினிடையே சென்றனர். சாலையோரம் நிற்கும் தூண் உரியவருக்கு மட்டும் உரிய செய்தி என்று அதன்பின் எவரால் வாதிட இயலும்?

ஆகவே கட்டட வடிவமைப்புப் பொறியாளரின் சான்றிதழ், வாங்குவோர் கேட்டால் மட்டும் காட்டப்படும் தாளாக இருத்தலாகாது. கட்டடத்தின் நுழைவாயிலிலேயே அது எழுதி வைக்கப்பட வேண்டும். கட்டுமானம் நடக்கும்போது, கான்கிரீட் ஊற்றுவதற்கு முதல் நாள், ஒருவர் சென்று வளையங்களின் கொக்கிகளைப் பார்க்க வேண்டும். மறுநாள் சென்றால் அவை கண்ணுக்குத் தெரியா.

முன்பே கட்டி முடித்த கட்டடங்களுக்கும் வழி உண்டு. பொறியாளர் ஒருவர் ஆய்ந்து குறித்துக் கொடுக்கும் இடங்களில் தரைத்தளத் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பலாம். தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் இட்டுத் தடிப்பாக்கலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வண்ணப்பூச்சைப் பற்றியும் மின்தூக்கியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசப்படுகிறது. அந்தப் பட்டியலில் இதனையும் ஒன்றாகச் சேர்க்கலாம். சுவர் எழுந்தபின் இரண்டு மூன்று கார்கள் வெளியே தெருவில் நிற்க நேரிடும்; அவை யாருடைய கார்கள் என்பதைச் சங்கத்தார் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.