அயலவர் என்றொரு நோய்!

சென்னைக் கடற்கரையின் தென்பகுதியில், அடையாறு கடலைத் தழுவும் முகத்துவாரத்தின் அருகே இருக்கிறது பட்டினப்பாக்கம். மீன்வலைகளும் மாடிக் குடியிருப்புகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்து அலைக்கழித்த சீனிவாசபுரம் அங்கேதான் இருக்கிறது. வீடிழந்து வீதியில் நிற்பது என்றால் என்னவென்று அவ்வூராருக்கு எவரும் ஏட்டைப் புரட்டி எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அதே பெயரில் இன்னொரு பட்டினப்பாக்கமும் உண்டு. இளங்கோ காட்டும் பூம்புகாரின் ஒரு பாதி அது, மறுபாதி மருவூர்ப்பாக்கம். கலமேறி வந்த யவனரும் பல மொழி பேசும் பிற நாட்டாரும் கலந்து வாழ்ந்தது மருவூர்ப்பாக்கத்தில். நோய் தீர்க்கும் மருத்துவர்கள் வாழ்ந்தது பட்டினப்பாக்கத்தில். வந்தவர் ஒரு பக்கம், மருத்துவர் மறுபக்கம்! இடையே இருந்தது என்ன? மதிலா? முள்வேலியா? முத்திரைத்தாள் கேட்கும் மேசையா? இல்லை! மர நிழலில் மக்கள் கூடும் நாளங்காடி இருந்தது.

இன்று என்ன இருக்கிறது?

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஒரு காட்சியைத் தீட்டிக் காட்டுகிறேன். காட்சி கற்பனை, அதில் வரும் சட்டம் கற்பனையன்று.

பொழுது புலராத வேளை. பட்டினப்பாக்கம் பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞன். 1990இல் ஈழத்தில் குண்டுகள் பொழிந்தபோது, தாயின் மடியில் கைக்குழந்தையாகப் படகேறி இராமேசுவரம் கரை சேர்ந்தவன். இன்று அவனுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். சுவர்களுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தான். இப்போது அவன் முகமே வெளிறிவிட்டது, கால்கள் வீங்கிவிட்டன. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. மருத்துவமனைச் சாளரத்தின் முன் நிற்கிறான்.

"குடும்ப அட்டை இருக்கிறதா?"

"இல்லை, ஐயா."

"முகாம் அட்டை?"

"முகாமில் இல்லை, ஐயா. வாடகை வீட்டில் இருக்கிறேன். காவல் நிலையத்தில் பதிந்த சீட்டு இருக்கிறது."

"அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அடுத்த ஆள் வரலாம்!"

அடுத்த ஆள் வருகிறார். இவன் எங்கே போவான்?

சிறுநீரகம் கைப்பிடியளவு உறுப்புதான். ஆனால் அந்த இணை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடிக்கிறது, வேண்டியதை உடலுக்குத் திருப்பித் தருகிறது, வேண்டாததை வெளியேற்றுகிறது. அது நின்றுவிட்டால் இயந்திரம்தான் கதி. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. ஆண்டுக்கு 156 முறை! தவறினால் நுரையீரலில் நீர் கோக்கும், குருதியில் பொட்டாசியம் பெருகும், இதயம் நின்றுவிடும். மனுக்கள் மேசை மேசையாக நகரலாம். மரணம் அதுவரை காத்திராது.

அந்த இயந்திரம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1943ஆம் ஆண்டு, நாஜிப் படையின் பிடியில் நெதர்லாந்து நசுங்கிக்கிடந்த நேரம். காம்பன் என்னும் சிறு நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், இறைச்சிக்கு உறையிடும் செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் சமைத்தார். தொடக்கத்தில் நோயாளிகள் பலர் மாண்டனர். மருத்துவர் மனம் தளரவில்லை. 1945இல் முதன்முதலாகப் பிழைத்தவர் யார்? நாஜிகளுக்குத் துணைபோனவர் என்று சிறையில் அடைக்கப்பட்டிருந்த 67 வயது மூதாட்டி! பகைவரின் பக்கம் நின்றவர் என்று தெரிந்தும் கோல்ஃப் இயந்திரத்தை நிறுத்தவில்லை. பகைவரின் தோழிக்கே உயிர் தந்த இயந்திரம், பக்கத்துக் கடலிலிருந்து வந்த உடன்பிறந்தானிடம் சீட்டுக் கேட்கலாமா?

தமிழ்நாடு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அரசு வைத்த கணக்கின்படி, 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தோர் 3,04,269 பேர். அன்று 108 முகாம்களில் வாழ்ந்தோர் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்ந்தோர் 34,087 பேர். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாறியதும் அந்த ஆண்டில்தான். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், முகாம்வாழ் இலங்கைத் தமிழரை வருமான வரம்பின்றி ஏற்றுக்கொண்டது. போற்றுகிறேன்! ஆனால் 'முகாம்வாழ்' என்ற அந்த ஒரு சொல்லை நோக்குங்கள். வேலிக்குள் இருப்பவனுக்குக் காப்பு. உழைத்து உண்போம் என்று வேலியைத் தாண்டியவனுக்கு? தன்மானத்துக்குத் தண்டனையா?

இயந்திரத்தினும் மேலான வழி மாற்றுச் சிறுநீரகம். அந்த வாயிலில் மூன்று பூட்டுகள் தொங்குகின்றன.

நம் இளைஞனுக்கு மீனவ நண்பன் ஒருவன் உண்டு, பட்டினப்பாக்கத்தான். "என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்" என்கிறான். சட்டம் குறுக்கே நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்த திருத்தத்தின்படி, பெறுபவர் அயல்நாட்டவர், தருபவர் இந்தியர் என்றால், இருவரும் நெருங்கிய உறவினராக இருந்தாலன்றி அங்கீகாரக் குழு இசைவு தரக்கூடாது. அகதியும் அந்த ஏட்டில் அயல்நாட்டவன்தான்!

அவனுடன் படகில் வந்த அக்காள் முன்வருகிறாள். இரத்த உறவு, இனித் தடையில்லை என்பீர்கள். 2014ஆம் ஆண்டின் விதி என்ன சொல்கிறது? அயல்நாட்டவரின் உறவை அவர்தம் நாட்டுத் தூதரக அதிகாரி சான்றளிக்க வேண்டுமாம்! எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ, அந்த அரசின் வாசலில் நின்று, "இவள் என் அக்காள்தான்" என்று எழுதி வாங்க வேண்டுமாம்!

மூளைச்சாவு அடைந்தோர் ஈயும் உறுப்புக்காகக் காத்திருக்கலாமே எனலாம். அந்த வரிசையில் மாநிலத்தார், மண்டலத்தார், நாட்டார், இந்திய வம்சாவளியினர் என எல்லோருக்கும் பின்னே, கடைசியில் நிற்பவர் அயல்நாட்டவர். நடை பயின்றது இம்மண்ணில், பள்ளி சென்றது இம்மண்ணில், வியர்வை சிந்தியதும் இம்மண்ணில். ஆயினும் அவன் அயலான்!

சட்டம் கொடியவரால் இயற்றப்பட்டதன்று. வறியவரின் சிறுநீரகத்தைத் தரகர் விலை பேசியதால், வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் விழுந்த கொடுமையை இந்நகரம் அறியும். கோடி கொட்டி வாங்க வரும் வெளிநாட்டுச் செல்வரைத் தடுக்கப் பூட்டு வேண்டும். ஆனால் பண மூட்டையோடு வருபவரும் பாய்ச்சுருளோடு வருபவரும் ஒன்றா?

"நம்மவரே காத்திருக்கிறார்களே" என்பீர்கள். உண்மை. இயந்திரங்களைப் பெருக்குவதே அதற்கு விடை. ஒருவனை வரிசையிலிருந்து தள்ளுவது விடையன்று. "இந்தியா எல்லோருக்கும் தருமசாலையா?" என்ற கேள்வி 2025 மே மாதம் உச்சநீதிமன்றத்திலேயே, ஓர் ஈழத்தமிழரின் வழக்கில் ஒலித்தது. பணிவோடு விடை பகர்வேன்: சத்திரத்தில் இடம் கேட்கவில்லை, சாவிலிருந்து விடுதலை கேட்கிறோம். அரசமைப்பின் 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைக் குடிமகனுக்கு மட்டும் தரவில்லை. எந்த மனிதருக்கும் தந்திருக்கிறது. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் அதே நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இது தமிழருக்கு மட்டுமான வழக்கும் அன்று. மியான்மரிலிருந்து தப்பிவந்து கேளம்பாக்கத்தில் ஒதுங்கிய ரோகிங்கியா மக்களுக்கும் சிறுநீரகம் இரண்டுதான். அவர்களை மறந்து நம்மவருக்கு மட்டும் கேட்டால், நம் நீதி பாதி நீதி.

கேட்பவை மூன்று. காவல் நிலையப் பதிவே காப்பீட்டுக்குப் போதும் என்று மாநில அரசு ஐயத்துக்கிடமின்றி ஆணையிடட்டும். அகதிகளின் உறவுக்குத் தூதரகச் சான்று வேண்டாம், மாவட்ட ஆட்சியரின் சான்று போதும் என்று ஒன்றிய அரசு விதியைத் திருத்தட்டும். பல்லாண்டு இங்கு வாழும் அகதியை உறுப்பு வரிசையில் மண்ணின் மக்களோடு நிறுத்தட்டும்.

நான்காவது, உம்மிடம். அரசு ஆணை வரும்வரை அந்த இளைஞனின் குருதி தூய்மையாகக் காத்திராது. உங்கள் தெருவில் அப்படியொருவர் இருந்தால், நாளைக் காலை அவரோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மனு எழுதத் தெரிந்தவர் மனு எழுதுங்கள். வழக்காடத் தெரிந்தவர் வழக்காடுங்கள். சாளரத்தின் முன் அவர் தனியே நிற்கும்வரைதான் "அடுத்த ஆள்" என்ற குரல் எழும். உடன் நால்வர் நின்றால் அந்தக் குரல் தணியும்.

பூம்புகாரைக் கடல் கொண்டது. ஆனால் வந்தவருக்கும் மருத்துவருக்கும் இடையே மதில் எழுப்பாத அந்த மனத்தைக் கடல் கொள்ளவில்லை என்று காட்ட வேண்டியவர் நாம். பட்டினப்பாக்கத்திலிருந்தே தொடங்குவோம்!