கார்புரேட்டருக்கு மனைப்பலகை

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி ஒழுங்காக ஓடினால் தூக்கம் வராது. 'இன்னும் கொஞ்சம் பவர்' வேண்டும். இவர்களை நம்பித்தான் சென்னை ஜி.பி. ரோட்டில் பல கடைகள் ஷட்டரைத் தூக்குகின்றன.

லேட்டஸ்ட் கேஸ், என் அக்கா மகன். 1988 மாடல் வண்டி. சம்பளம் வந்த கையோடு, நடுவில் ஓட்டையுடன் பளபளவென்று ஓர் அலுமினியத் தகடு வாங்கி வந்தான்.

"என்னடா இது, வடையா?"

"ஸ்பேஸர் மாமா. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வெச்சா அஞ்சு ஹார்ஸ்பவர் கூடுமாம்."

அந்த வண்டிக்கு மொத்தமே 18 குதிரை. தகடு எங்கிருந்து இன்னும் ஐந்தை ஓட்டி வரும்?

அமெரிக்காவில் வி-8 கார்க்காரர்கள் ஒரு அங்குல ஸ்பேஸர் போட்டுப் பார்ப்பது வழக்கம். கார்புரேட்டருக்குக் கீழே எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக உள்ள அறை அதனால் கொஞ்சம் பெரிதாகும். சில இன்ஜினில் பவர் கூடும், சிலதில் குறையும். அவர்களே டைனோவில் ஏற்றி அளந்துவிட்டுத்தான் நம்புவார்கள். ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் அந்த அறையே கிடையாது!

நமக்கு எதிரி, சூடு. சிக்னல் சிக்னலாக நின்று வந்தால் இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்துப் பெட்ரோல் குமிழி விடும். டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால், ஊஹூம். இதற்காகத்தான் பல வண்டிகளில் கம்பெனிக்காரனே மனைப்பலகை மாதிரி ஒரு தடுப்பு வைத்திருப்பான். பார்க்க லட்சணமாக இருக்காது. பேக்கலைட் ஜாதி. 1907-ல் பேக்லண்ட் கண்டுபிடித்த, குக்கர் கைப்பிடிக்கு ஆகிற சரக்கு. சூட்டைக் கடத்தாது. அலுமினியம் கடத்துவதில் சூரன். குக்கருக்கு யாராவது அலுமினியக் கைப்பிடி போடுவார்களா?

"அப்ப பழசைக் கழட்டக் கூடாதா மாமா?"

"கழட்டிட்டியா?"

பதில் இல்லை. தலையைச் சொறிந்தான்.

தகட்டின் இரு பக்கமும் பேக்கிங் சரியாக உட்காராவிட்டால் இன்னும் ஆபத்து. இடுக்கு வழியே காற்று திருட்டுத்தனமாக நுழையும், கலவையில் பெட்ரோல் குறையும், இன்ஜின் கொதிக்கும். முற்றினால் பிஸ்டன் ஜாம். அப்புறம் சம்பளம் முழுக்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.

2020-ல் பி.எஸ்.6 வந்தபின் புது வண்டி வாங்கியவர்களுக்கு பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை, அநேகமாக எல்லாம் இன்ஜெக்‌ஷன். பழசை விட மனசில்லாதவர்கள் ஒன்று செய்யுங்கள். வண்டியை ஐட்லிங்கில் விட்டு, இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் லீக். ஒரு ஷாம்பு பாக்கெட் போதும்.