'வாரிசு': போட்டியில் வளர்ந்த பிள்ளைகள்

மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை எனத் தலைமுறையாக வணிகம் செய்யும் பெற்றோர்களே! 2023 பொங்கலையொட்டி வெளிவந்த 'வாரிசு' படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். விஜய்யின் ஆட்டபாட்டத்திற்காக அன்று (அதற்குத்தான் குறைவே இல்லையே!). சரத்குமார் ஏற்ற தந்தைப் பாத்திரத்திற்காக.

தம் நாற்காலி எவனுக்கு என்று மூன்று மகன்களையும் போட்டியிட வைக்கிறார் அவர். இளையவன் உடன்படாமல் வீட்டை விட்டு வெளியேறுகிறான். மூத்தவர் இருவரும் அருகிலேயே இருந்து வழிதவறுகின்றனர். தொழிலின் கணக்கு தெரிந்த தந்தைக்கு மகன்களின் மனக்கணக்கு தெரியவில்லை.

இத்துணைப் பெரிய குடும்பச் சிக்கலை இயக்குநர் வம்சி சண்டைக் காட்சிகளுக்கு இடையே நழுவவிட்டது எனக்கு ஏமாற்றமே. மகன்களின் குற்றத்தை விசாரித்த அளவுக்குத் தந்தையின் பிழையை விசாரித்திருக்கலாம்.

யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பின்னரும், அடைவுநிலை அறிய வரும் பெற்றோர் சிலர் தம்பியை அண்ணனோடு ஒப்பிட்டே பேசுகின்றனர். அருகில் நிற்கும் அவ்விரு பிள்ளைகளின் முகத்தையும் அவர்கள் பார்ப்பதில்லை.